பெரியவளின் சூடு

அந்தச் சந்துக்கு ஒரு பெயர் கிடைத்ததே ஒரு சாவுக்குப் பிறகுதான். அதற்குமுன் அங்கே குடியிருந்தவர்கள் விலாசம் சொல்ல நேர்ந்தால் அக்கம்பக்கத்துத் தெருக்களைக் கடன் வாங்குவார்கள். பாத்திரக்கடைத் தெருவுக்கும் ஆஸ்பத்திரித் தெருவுக்கும் நடுவில் என்பார்கள். கேட்பவர் அங்கே வீடுகள்கூட இருக்கின்றனவா என்பார். சந்தின் வாயில், இஸ்திரிக் கடைக்கு நேரெதிரே நடைபாதையில், ஒரு கிழவி உட்கார்ந்து பொத்தானும் நூலும் விற்றுவந்தாள். அவள் பெயரை யாரும் கேட்டதில்லை. ஒரு பனிக்காலக் காலையில், சாக்கை இழுத்துப் போர்த்தியபடி, உட்கார்ந்த நிலையிலேயே விறைத்துப் போயிருந்தாள். முந்தின மாலை அவளைத் தாண்டி வீட்டுக்குப் போகாதவர் அந்தச் சந்தில் எவருமில்லை.

அடுத்த பனிக்காலத்தில் அவள் உட்கார்ந்திருந்த கல் வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் கண்டுகொண்டவை பூனைகள். சந்தின் பூனைகள் எல்லாம் தம் பகையை மறந்து அந்த ஒரே கல்லில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. அப்புறம் சலூன்காரர் கைவைத்துப் பார்த்தார். அவருக்கு மைக் என்று பட்டப்பெயர். அவரிடம் தலையைக் கொடுத்தால் காதும் சேர்ந்து போகும் என்பார்கள். அவர் கைவைத்த செய்தி அன்று மாலைக்குள் கடைசி வீடுவரை போய்விட்டது. குளிரில் செத்தவள் நமக்குச் சூடு தருகிறாள் என்று அவர் சொன்னதாகப் பேச்சு. சொன்னவர் அவர்தானா என்பது உறுதியில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்காகவே சந்து ஓராண்டாகக் காத்திருந்தது போலத்தான் இருந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பலர் அழுதார்கள்.

அன்றிலிருந்து அவள் பெரியவள் ஆனாள். வேலைக்குக் கிளம்புகிறவர்கள் குனிந்து உள்ளங்கையைக் கல்லில் வைத்து, அந்தச் சூடு ஆறுமுன் நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வழிபாடு. விளக்கோ பூவோ உண்டியலோ கிடையாது. உண்டியல் வைக்கலாமென்று யோசனை சொன்ன ஒருவரை, உயிரோடிருந்தபோது அவளிடம் பொத்தானுக்குப் பேரம் பேசியவர்தானே நீங்கள் என்று ரொட்டிக்கடை அக்கா கேட்டுவிட்டாள். அந்தப் பேச்சு அதோடு செத்தது. சந்தை அகலப்படுத்துவதற்காகச் சுவர்களில் சிவப்புக் குறி போட நகராட்சி ஆட்கள் இருவர் வந்தபோதும், கைவிரல்கள் மரத்துப்போன அந்தக் குளிரில், அவர்களும் கல்லில் கைவைத்துவிட்டுத்தான் போனார்கள். மறுபடி வரவில்லை. அலுவலகத்தில் என்ன நடந்ததோ, யாருக்கும் தெரியாது. சந்தில் என்ன நடந்தது என்பதில் சந்தேகமே இல்லை. இப்போது விலாசம் கேட்டால் "பெரியவ சந்து" என்கிறார்கள். பாத்திரக்கடைத் தெருக்காரர்கள்கூடப் பெரியவ சந்துக்குப் பக்கத்தில் என்றுதான் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இஸ்திரிக் கடை என்பது ஒரு வீட்டின் முன்னறை. இரண்டு மேசைகள், இரண்டு பெட்டிகள். ஒன்றில் கணவன், மற்றதில் மனைவி. பின்னால் சமையலுக்கும் படுக்கைக்கும் சேர்த்து ஒரே அறை. காலையில் ஆஸ்பத்திரிக்காரர்களின் வெள்ளை அங்கிகள் வரும், மதியம் பள்ளிச் சீருடைகள், மாலையில் உணவகத்து மேசை விரிப்புகள். சட்டைக்கு முதலில் கழுத்துப்பட்டி, பிறகு தோள், பிறகு கைமடிப்பு, முதுகு கடைசியில். இந்த வரிசை மாறினால் தேய்த்த இடம் மறுபடி கசங்கும். அவள் பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். தொடாமல், ஒரு விரற்கடைத் தூரத்தில். பட்டுக்கு ஒரு சூடு, நூல்துணிக்கு ஒரு சூடு. பெட்டியில் இருக்கும் குமிழைவிடத் தன் கன்னத்தைத்தான் அவள் நம்பினாள்.

அவர்களுக்கு ஒரே மகள். குளிர்காலம் வந்தால் மூச்சு இளைக்கும். மார்பு உள்வாங்கி, தோள் இரண்டும் காதுவரை ஏறி, ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ கயிறு போட்டு இழுப்பாள். கல் சூடான பிறகு அந்தப் பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும் அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினாள். உடம்பு கதகதப்பாக இருந்ததால் இளைப்பு குறைந்தது. சந்துக்கு அது கண்கண்ட சாட்சியாயிற்று. வெளித்தெருவிலிருந்து வருகிறவர்களிடம் மைக் அவளைத்தான் காட்டுவார். "நாயனம் மாதிரி ஊதிக்கிட்டிருந்த பிள்ளைங்க இது. இப்பப் பாருங்க, மூக்கும் தெரியாது மூச்சும் தெரியாது."

கல் சூடான மூன்றாவது பனிக்காலத்தின் தொடக்கத்தில் இஸ்திரிப் பெட்டிகள் மெதுவாயின. சுவிட்சைப் போட்டு, துணிக்குத் தண்ணீர் தெளித்து, தேநீர் குடித்து முடித்தாலும் பெட்டி பட்டுச் சூட்டைத் தாண்டவில்லை. புதிதாக ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். அதுவும் அப்படியே. கரண்ட் கம்மியாக வருகிறது என்று கணவன் சொன்னான். மேசை விரிப்பின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது அவள் தன் மனதிலிருந்ததைச் சொன்னாள்.

"நம்ம பெட்டிச் சூட்டை அவதான் எடுத்துக்கிறான்னு தோணுது."

அவன் சிரிக்கவில்லை. மடிப்பைச் சரிசெய்துகொண்டே, எடுத்துக்கொள்ளட்டும் என்றான். கிழவி செத்த அந்த மாலையில் கடையின் இழுவைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சூடான விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமியது கேட்டது. அதைப்பற்றி அவர்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. அதனால் பெட்டிகள் மந்தமானது அவளுக்கு ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது. கொடுக்க வேண்டியது போய்ச் சேருகிறது என்று நினைத்தாள். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பாக்கியத்தை வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும்.

கல்லோ நாளுக்கு நாள் சூடேறிக்கொண்டிருந்தது. முதலில் அது அணைத்து வெகுநேரமான பெட்டியின் சூடாக இருந்தது. பிறகு, இப்போதுதான் அணைத்த பெட்டியின் சூடு. பிள்ளை மடித்த போர்வையைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். பூனைகள் கல்லை விட்டு அதன் ஓரத்துக்கு நகர்ந்தன. பெரியவளுக்கு இரக்கம் கூடிவிட்டது என்றார் மைக். பூனைகள் நகர்ந்ததை இஸ்திரிக்காரி மட்டும் கவனித்தாள்.  ஏன் நகர்ந்தன என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கடை இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தபோது மைக் வாசலிலேயே நின்றிருந்தார். பெரியவள் வாடிவிட்டாள், சூடு பாதிகூட இல்லை, உங்கள் வீட்டில் விளக்கெரியாதது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று சொன்னார். அவள் கைவைத்துப் பார்த்தாள். உண்மைதான். கடையைத் திறந்து, தேங்கிக் கிடந்த துணிகளை இருவரும் தேய்க்கத் தொடங்கினார்கள். முற்பகல் கழிவதற்குள் கல் பழையபடி ஆயிற்று. சந்து மகிழ்ந்தது. அவள் பெட்டியைத் தாங்குகட்டையில் நிறுத்திவிட்டு அசையாமல் நின்றாள்.

மறுநாள் சந்து மதியச் சாப்பாட்டுக்கு ஓய்ந்த நேரத்தில் கணவனிடம் இரண்டு பெட்டியையும் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, துணிக்கூடையைத் தட்டுவதுபோல எதிரே போய்க் கல்லில் கைவைத்து உட்கார்ந்தாள். சூடு ஏறியது. கையசைத்தாள். அவன் அணைத்தான். சூடு தணிந்தது. மறுபடி கையசைத்தாள். உள்ளே வந்து, கல் ஏறியதையும் இறங்கியதையும் அவனிடம் சொன்னாள்.

அப்போதுதான் கணவனுக்கு நினைவு வந்தது. கிழவி செத்த பிறகு வந்த மழைக்காலத்தில், சந்தின் மறுமுனையில் எழுந்த உயரமான கட்டிடத்துக்கு மின்சாரம் கொடுக்க ஆட்கள் வந்து, அந்த மூலையில்தான் கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டினார்கள். கம்பியோடு கம்பி சேர்த்தார்கள். கொட்டுகிற மழையில் குழியில் தண்ணீர் நின்றது. அவசர அவசரமாக மூடிவிட்டுப் போனார்கள். இதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததை அந்தச் சூட்டோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

"அப்ப கீழ இருக்கிறது..." என்று அவள் தொடங்கினாள்.

"கம்பிதான். இணைப்பு சரியில்ல. நாம இழுக்கிற கரண்ட் அங்க சூடாகுது, இங்க குறையுது." அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டான்.

"பிள்ளை அதுமேலதானே உட்கார்ந்திருக்கா."

"மூணு பனிக்காலமா உட்கார்ந்திருக்கா."

"மூணு பனிக்காலமாப் பூனையும்தான் படுத்திருந்துச்சு. இப்ப எங்க படுக்குதுன்னு பாத்தீங்களா?"

கரண்ட் ஆபீசில் சொல்லிவிடலாம் என்றாள். சொன்னால் வந்து தோண்டுவார்கள். தோண்டினால் கல் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் சந்துக்கு என்ன மிஞ்சும் என்று அவன் கேட்டான். சிவப்புக் குறி மறுபடி வரும். மைக் அவர்களைச் சும்மா விடமாட்டார். அவளை வாசலில் வைத்துக்கொண்டே காட்டிக்கொடுத்தவர்கள் என்று பெயராகிவிடும். அந்தப் பெயரோடு இந்தச் சந்தில் ஒரு கைக்குட்டைகூடத் தேய்க்கக் கிடைக்காது. "தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வெச்சுக்குவோம். கொஞ்ச நாள். பனி போகட்டும்."

கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். காலையில் மட்டும் பெட்டி போடுவது. பிள்ளையும் மற்றவர்களும் கல்லில் உட்காருகிற மாலையில் சுவிட்சைத் தொடுவதேயில்லை. பிள்ளைக்கு இனி உள்ளேதான் வீட்டுப்பாடம். காரணம் கேட்டபோது, அம்மாவுக்குத் துணையாக இரு என்றாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை பார்த்தாள். பயத்தில் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் இரண்டாம் நாளே இளைப்பு திரும்பியது.

மாலைகளில் கல் ஆறத் தொடங்கியதும் சந்து நடுங்கிப்போனது. அவர்களுடைய அச்சம் குளிரைப்பற்றியது மட்டுமில்லை. பெரியவள் ஒருமுறை அவர்கள் கண்ணெதிரே செத்தவள். இரண்டாம் முறையும் அதையே செய்கிறாள் என்று எல்லோருக்கும் தோன்றியது. யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்ற பேச்சு முதலில் சலூனில் தோன்றி, பிறகு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தது. செருப்புக்காலோடு மிதித்தது யார், புதிதாகக் குடிவந்தவர்களா, கடைசி வீட்டுக் குடிகாரனா என்று ஒவ்வொரு வீடாக அலசினார்கள். நாலாம் நாள் வாக்கில் பேச்சு தானாகவே சந்தின் வாய்க்கு, இஸ்திரிக் கடை வாசலுக்கு வந்து நின்றது. பிள்ளையை ஏன் உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள்? இவ்வளவு நாள் உட்காரவைத்து உடம்பைத் தேற்றிக்கொண்டு இப்போது ஏன் விலக்குகிறார்கள்?

மைக் நேரில் வந்தார். அவர் கத்தவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

"தங்கச்சி, அவ உங்க வாசல்ல இருக்கா. உங்களுக்குத் தெரியாம அவளுக்கு என்ன ஆயிடும்? எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

அவள் எதுவுமில்லை அண்ணே என்றாள். அவர் மேசையிலிருந்த குளிர்ந்த பெட்டியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சாயங்காலத்தில் வியாபாரம் செய்யாமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வேலையில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் தேய்க்காத துணி மலைபோலக் குவிந்திருந்தது. அவர் அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கையில் சந்து முழுவதும் கல்லடியில் கூட வேண்டும் என்று அன்றே வீடுவீடாகச் செய்தி போயிற்று.

ஞாயிறு பொழுது சாயத் தொடங்குமுன் அவள் ரொட்டிக்கடைக்குப் புறப்பட்டாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்லத்தக்கவள் அக்கா ஒருத்திதான். மைக்கை நாக்கால் மடக்கக்கூடியவள், ஏழை பாழைக்கு முந்தின நாள் ரொட்டியைத் தன் வீட்டு விருந்துபோல எடுத்துக் கொடுப்பவள். அக்கா மூலம் ஆபீசுக்குச் சொன்னால் அது ஒரு வீட்டின் குற்றமாக இருக்காது. பிள்ளையை வெளியே விடவேண்டாம் என்று கணவனிடம் இருமுறை சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் சரி என்றான். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

ரொட்டிக்கடை அரைக்கதவு சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே அடுப்பு எரிவதில்லை. ஆனால் உள்ளே அனல் முகத்தில் அடித்தது. இரண்டு மின்னடுப்புகளும் வாய் மூடிக் கனன்றுகொண்டிருந்தன. மாவுப் பலகை துடைத்துக் காய்ந்திருந்தது. அக்கா ஒரு முக்காலியில் அமர்ந்து அடுப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொட்டி போடலையே அக்கா?" என்றாள் இவள்.

"கதவைச் சாத்து." அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீ வாய் கட்டுனவ, அதனால சொல்றேன். பெரியவ சூடு என் அடுப்புச் சூடு. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். நான் அடுப்பு மூட்டுனா அவ சூடாவா, அணைச்சா ஆறிடுவா. இந்த மாசம் ஒரு அடுப்பு ரிப்பேர்ல கெடந்துச்சு, அவளும் வாடிட்டா. உங்க வீட்டு மேல பழி வந்ததைக் கேட்டு எனக்கு மனசே ஆறல. இன்னிக்குப் பாரு, ரெண்டையும் முழுசாப் போட்டுட்டேன். வெறும் அடுப்புதான். எல்லாம் அவளுக்கு."

இஸ்திரிக்காரிக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்ததை இன்னொருத்தி எடுத்துத் தன்னுடையது என்கிறாள். "எங்க பெட்டியாலதானே..." என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் பெட்டியா? உள்ளங்கை அகலம் இருக்குமா அது? போடி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தையல்காரனும் இப்படித்தான் ஏதோ உளறினான். அவன் கூடத்து மோட்டாராலயாம். கேக்குதா? ஞாயித்துக்கிழமை, துணியே இல்லாம எல்லாத்தையும் ஓடவிட்டிருக்கான் பைத்தியக்காரன்."

கேட்டது. சுவருக்கு அப்பால் தையற்கூடத்தின் மோட்டார்கள் ஒன்றாக முனகிக்கொண்டிருந்தன. அதற்கும் அப்பால், சலூனின் மாடியில், வெந்நீர்க் கொதிகலன் குமுறும் ஒலி. அவள் தலைக்கு மேலிருந்த குண்டுவிளக்கு மெல்ல மெல்லச் சிவந்து, அவிந்துபோகிற கரித்துண்டின் நிறத்துக்கு வந்தது. அந்தச் சந்தின் ஒவ்வொரு வீடும், தன்னால்தான் அவள் சூடாகிறாள் என்று தனித்தனியே நம்பி, ஒன்றுக்கொன்று சொல்லாமல், ஆளில்லாத அறைகளில் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கல்லடிக்குப் போயிருக்கிறது என்பது அந்த வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிந்தது. அடுப்பை அணை அக்கா என்று சொன்னாள். சொன்னது அக்காவின் காதில் விழுந்ததா என்று பார்க்க நிற்கவில்லை.

சந்து நெடுகிலும் சன்னல்கள் அதே கரி நிறத்தில் இருந்தன. வீடுகளில் ஆளே இல்லை. எங்கும் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருந்தது. தன் கடையைத் தாண்டும்போது உள்ளே பார்த்தாள். இரண்டு பெட்டிகளும் நிமிர்ந்து நின்றன. சிறு சிவப்பு விளக்குகள் எரிந்தன. கணவன் கதவோரத்தில் நின்றிருந்தான். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், பிள்ளைக்கு இளைப்பு அடங்கட்டும் என்று ஏதோ சொல்ல வந்தான். அவள் அவனைக் கடந்து போனாள்.

கூட்டத்தின் நடுவில், கல்மேல், மடித்த போர்வையில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பெண்கள் குனிந்து கல்லின் விளிம்பில் உள்ளங்கைகளை வைத்திருந்தார்கள். சிலர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சூடு திரும்பிவிட்டது. பிள்ளையின் தோள்கள் இறங்கி, மூச்சு சீராகியிருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது அவளுக்கு அந்த வாடை வந்தது. பட்டுச் சூட்டில் வைக்கவேண்டிய துணியில் நூல்சூட்டுப் பெட்டியை வைத்துவிட்டால், துணி நிறம் மாறுவதற்கு ஒரு கணம் முன்னால் எழும் வாடை. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களின் கை அந்த ஒரு கணத்தில் தானாகத் தூக்கிக்கொள்ளும். அவள் பிள்ளையை நோக்கிப் பாய்ந்தாள். இரண்டு பெண்கள் அவள் தோளை அன்போடு பிடித்துக்கொண்டார்கள்.

"பிள்ளையை எழுப்பாதே தங்கச்சி. இப்பதான் அவ மனசு இறங்கியிருக்கா," என்றார் மைக்.

"கீழ கம்பி இருக்கு அண்ணே. கம்பி எரியுது. எல்லாரும் எந்திரிங்க."

"கம்பியும் அவதான்," என்றார் அவர், மிகுந்த நிதானத்தோடு. கூட்டம் அதை ஆமோதித்தது. பிடி இறுகியது.

வாடை கூடிக்கொண்டே போனது. வேறு யார் முகத்திலும் அது படவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. விளக்கினாலும் அந்த இடத்தில் அது செல்லாது. அடுத்து அவள் செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. கிழவி உயிரோடிருந்தபோது, பொத்தான்களை மறைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் சொல்லும் ஒரு வாக்கு உண்டு. மூக்கால் இழுத்து, பாதி அதட்டலும் பாதிக் கெஞ்சலுமாகச் சொல்வாள். அதைக் கேட்காமல் அந்தச் சந்தில் நுழைந்தவர் இல்லை. இத்தனை ஆண்டுகளில் யாரும் அதைத் திரும்பச் சொன்னதுமில்லை. அந்தக் குரல் இஸ்திரிக்காரியின் தொண்டையிலிருந்து, இழுப்பும் இருமலும் மாறாமல், வந்தது.

"தள்ளி நில்லு தாயி. என் எடத்தை மறைக்காதே. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

தோளைப் பிடித்திருந்த கைகள் விலகின. குனிந்திருந்தவர்கள் தங்கள் கைகளை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். மைக் வாய் திறந்தபடி ஓரடி, இன்னோரடி பின்வாங்கினார். கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவள் பிள்ளையைப் போர்வையோடு வாரி எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் ஓடினாள். அவள் பாதம் வாசற்படியைத் தொட்டிருக்கும். பின்னால் நிலம் இருமியது. நீல வெளிச்சம் ஒன்று எல்லோர் முகத்தையும் ஒரு கணம் வெளுப்பாக்கிக் காட்டியது. கல் எழும்பி, இரண்டாக உடைந்து, சுவரில் மோதி விழுந்தது. குழியிலிருந்து கரும்புகை வந்தது. சந்தின் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. மோட்டார்கள் முனகி முனகி நின்றன. அதற்குப் பிறகு இருந்த அமைதியில் பிள்ளையின் இளைப்பு மட்டும் கேட்டது.

யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. மைக்கின் கால்சட்டை விளிம்பு பொசுங்கியிருந்தது. மறுநாள் மின்சார ஆட்கள் வந்து தோண்டி, கரியாகிப்போன ஒரு கம்பித் துண்டை எடுத்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் இந்தச் சந்தில் அப்படி என்ன வேலை நடந்தது, யார் இவ்வளவு கரண்ட் இழுத்தது என்று அவர்களுடைய மேஸ்திரி எரிச்சலோடு கேட்டார். சுற்றி நின்றவர்கள் தத்தம் கால்விரல்களைப் பார்த்தார்கள். புதிய இணைப்புப் போட்டு, குழியைச் சிமென்டால் பூசி மூடினார்கள். அது எல்லா நடைபாதையையும்போலக் குளிர்ந்திருந்தது. சிவப்புக் குறியை இனி யார் தடுப்பார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவள் உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள். அந்தக் குரல் வெறும் பாவனை, பிள்ளையைக் காப்பாற்றச் செய்த சூழ்ச்சி என்று. மாலை கணவனிடம் அதைச் சொன்னாள்.

"நான்தான் அப்படிப் பேசினேன். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும். நீதான் பேசின." அவன் தேநீர்க் குவளையை அவளிடம் நீட்டினான். பத்து வருடக் குடித்தனத்தில் அவன் ஒரு கையால்தான் குவளை நீட்டியிருக்கிறான். இப்போது இரண்டு கைகளாலும் நீட்டினான். "ஆனா அந்த இருமல்... அதுவும் நீதானா?"

 அந்த இருமலை அவள் எங்கே கேட்டாள் என்பது அவனுக்கும் தெரியும். தேநீரைக் குடிக்காமல் வைத்தாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்து பெட்டியைப் போட்டாள். தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் அது நூல்சூட்டுக்கு வந்துவிட்டது. இந்தப் பனிக்காலம் முழுவதும் அப்படி வந்ததில்லை. முதல் அங்கியின் கழுத்துப்பட்டியைத் தேய்த்து நிமிர்ந்தபோது வாசலில் மைக் நின்றிருந்தார். துணி எதுவும் கொண்டுவரவில்லை.  அவள் என்னவென்று கேட்குமுன் குனிந்து, பெட்டியைப் பிடித்திருக்காத அவளுடைய கையை எடுத்துத் தன் உள்ளங்கையோடு பொருத்தினார். பிறகு தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சூடாத்தான் இருக்கு," என்றார், பின்னால் திரும்பி.

பின்னால் வரிசை நின்றிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள், கையில் சாப்பாட்டுப் பைகளோடு. அவள் இழுத்துக்கொண்ட கையை அடுத்தவர் மெதுவாக, மரியாதையாக எடுத்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை, வேறெப்படி இருக்கும் என்று அவள் சொன்னாள். ஆமாம் தாயி என்றார் அவர். அவளைவிட வயதில் மூத்தவர்.

வரிசையில் ரொட்டிக்கடை அக்காவைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது. அடுப்பு, பெட்டி, மோட்டார் எல்லாம் அறிந்தவள் அவள் ஒருத்திதான். வந்து நின்று, போடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் கூட்டம் சிரித்துக் கலைந்துவிடும். அக்கா வந்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாவு காய்ந்த உள்ளங்கையை அவள் கைமேல் வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் எதற்கோ மன்னிப்புக் கேட்டன.

"அக்கா," என்றாள் இவள். "நான்தானே அக்கா."

அக்கா தலையசைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்தபடி ஒதுங்கி வழிவிட்டாள்.

வரிசையின் கடைசியில், பள்ளிச் சீருடையில், தோள்கள் காதுவரை ஏற மூச்சை இழுத்துக்கொண்டு, தன் முறைக்காக அவள் மகள் நின்றிருந்தாள்.